நான் ஒரு 'மாங்கா' மடையன்!

காலை ஏழு மணி. மீஞ்சூர் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் லோக்கலில் சீட் கிடைப்பது, கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் கிடைப்பதைவிடக் கஷ்டம். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. அதுவும் ஜன்னலோரம்! ஜாலியாகப் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தை விரித்துவைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

எதிர் சீட் பெரியவர் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு வரை பொறுத்துப் பார்த்தார். எண்ணூர் வந்ததும் அவரால் முடியவில்லை.

"தம்பி... கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்கிறியே, க்ளைமாக்ஸ் தெரிஞ்சிபோச்சுன்னா அப்புறம் கதையில இன்னா இருக்கு?"

"இது ஜப்பான் புக் சார். வலதுலேர்ந்து இடதுக்குப் படிக்கணும். நமக்குக் கடைசிப் பக்கம், அவங்களுக்கு முதல் பக்கம். இதுக்குப் பேரு மாங்கா!"

"மாங்காவா? உப்பு, மொளகாத்தூள்லாம் கொண்ணாந்தியா?"

கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால், வீட்டில் அப்பா இதே வார்த்தையைச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்கு அவர் சொன்னது: "ரெண்டு பேப்பர் புட்டுக்கிச்சு. தொரை உக்காந்து மாங்கா படிக்கிறாரு. மாங்கா மடையன்!"

அதனால் இது ஒரு மாங்கா மடையனின் வாக்குமூலம். ஒரு கையில் ரெண்டு அரியர், இன்னொரு கையில் நாலு புத்தகம். அந்த நாலும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உபயோகப்பட்டால் எடுத்துக்கோங்க பாஸ்!

முட்டை மார்க் ஹீரோ

மாங்கா என்றால் ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். பேர் தெரியாமலே நாம் எல்லோரும் அதோடுதான் வளர்ந்தோம். ஸ்கூல் விட்டு வந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் டி.வி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே 'டோரேமான்'... அது முதலில் மாங்காதான். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் எழுதியவர், 1969-ன் கடைசியில் சிறுவர் பத்திரிகைகளுக்காக வரைய ஆரம்பித்த படக்கதை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' படம் தமிழ் பேசிக்கொண்டே நம்ம ஊர் தியேட்டர்களுக்கு வந்ததே... அதுவும் மாங்காவில் பிறந்த கதைதான். எங்கள் காலேஜ் பஸ்ஸில் ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். பத்து பேக்கில் ரெண்டிலாவது 'நருட்டோ' கீசெயின் ஆடும்.

டோரேமானில் எனக்குப் பிடித்தது அந்த நீலப் பூனை இல்லை. நோபிட்டா! பரீட்சையில் முட்டை வாங்கிவிட்டு, அந்தப் பேப்பரை அம்மா கண்ணில் படாமல் எங்கே ஒளிக்கலாம் என்று அலைவான் பாருங்கள், அவன்தான் நம்ம ஆள். பூனையின் பையிலிருந்து எத்தனை கருவிகள் வந்தாலும், சாயங்காலத்துக்குள் எல்லாம் சொதப்பி, கடைசியில் அந்தப் பேப்பர் அம்மா கைக்குத்தான் போகும்.

சின்ன வயசில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். ரிசல்ட் வந்து பதினோரு நாள் வீட்டில் சொல்லாமல் மறைத்தபோதுதான், அந்தச் சிரிப்புக்குள் இருந்த பயம் புரிந்தது. போனது மேத்ஸ் ஒன்று, எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் இன்னொன்று. நான் படிப்பது ட்ரிபிள் ஈ. கரண்ட் பேப்பரில் கரண்ட் கட்!

ரயில் பெட்டியே வகுப்பறை

அந்தப் பதினோரு நாளில் நான் படித்த புத்தகம் 'டோட்டோ-சான்'. மாங்கா இல்லை, முழுக்க எழுத்துதான். டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் எழுதிய அவருடைய சொந்தப் பள்ளிக்கூடக் கதை. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. சீனியர் அக்கா ஒருவர், "நீ டெய்லி ட்ரெயின்லதானே வர்ற? உனக்கு இது கரெக்டா இருக்கும்" என்று கையில் திணித்தார்.

கரெக்டாகத்தான் இருந்தது. முதல் வகுப்பிலேயே, 'இவளை வைத்துக்கொள்ள முடியாது' என்று ஒரு பள்ளிக்கூடம் அனுப்பிவிட்ட சிறுமி டோட்டோ. அவள் அடுத்து சேர்ந்த டோமோயி பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் ஓடாத ரயில் பெட்டிகள்! அங்கே தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே ஒரு வேலை செய்கிறார். அவளை எதிரில் உட்காரவைத்து, 'உனக்கு என்னவெல்லாம் சொல்லணுமோ சொல்லு' என்கிறார். அவள் பேசுகிறாள், பேசுகிறாள்... நான்கு மணி நேரம்! அவர் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்கிறார்.

மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வண்டி கொருக்குப்பேட்டையில் வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது யோசித்துப் பார்த்தேன். 'ஏன் ஃபெயில் ஆனே?' என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய. பதிலைக் கேட்க உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. நான் யாருடைய பதிலையாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறேனா? டபுள் டூட்டி முடிந்து வரும் அப்பாவிடம் 'இன்னிக்கு எப்படிப்பா போச்சு?' என்று கடைசியாக எப்போது கேட்டேன்? ஞாபகம் வரவில்லை.

அந்த டோமோயி பள்ளி 1945-ல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால், அன்றைக்கு ஒரு குழந்தைக்குக் கொடுத்த நான்கு மணி நேரம் இன்றைக்கும் புத்தகமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தபாலில் வந்த குத்து

நம்ம வட சென்னைக்கு வருவோம். பாக்ஸிங் என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தாக்களுக்குக்கூட முஷ்டி முறுக்கும். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரித்துப் பேசுவார்கள். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது, 'இதெல்லாம் எங்க ஏரியா கதை' என்று காலரைத் தூக்கிவிட்டவன் நான். அந்த ஜோரில், மெக்கானிக்கல் படிக்கும் நண்பன் ஒருவன் அறிமுகப்படுத்தியதுதான் 'அஷிட்டா நோ ஜோ'. தமிழில் சொன்னால், 'நாளைய ஜோ'.

1968-லிருந்து 1973 வரை ஜப்பானில் வாராவாரம் வந்த மாங்கா. டோக்கியோவின் குடிசைப் பகுதிக்கு வந்து சேரும் ஓர் அநாதை இளைஞன் ஜோ. எப்பப் பார்த்தாலும் அடிதடி. அவன் கையில் இருக்கும் குத்தைப் பார்த்து அசந்துபோகிறார், குடியில் விழுந்து கிடக்கும் ஒரு பழைய பாக்ஸர். ஜோ சிறுவர் சிறைக்குப் போய்விடுகிறான். வாத்தியார் விடுவாரா? போஸ்ட் கார்டு போடுகிறார்! 'நாளைக்காக' என்று தலைப்பிட்டு, பாடம் ஒன்று: ஜாப். இப்படி நிற்க வேண்டும், இப்படிக் கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான். தபால் வழிக் கல்வியில் பாக்ஸிங்!

ஜோவின் எதிராளி ரிகிஷியை ஜப்பான் எவ்வளவு நேசித்தது தெரியுமா? கதையில் அவன் இறந்ததும், 1970 மார்ச்சில் டோக்கியோவில் நிஜமாகவே இறுதி அஞ்சலி நடத்தினார்கள். சுமார் 700 பேர் வந்தார்களாம். காகிதத்தில் வரைந்த ஒரு மனிதனுக்கு!

அந்த போஸ்ட் கார்டு மேட்டர் எனக்கு அரியருக்கு உதவியது. ஐந்து யூனிட்டையும் ஒரே ராத்திரியில் முடிக்கும் என் பழைய வீரத்தை மூட்டை கட்டினேன். போஸ்ட் கார்டு அளவுக்குப் பேப்பரை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தீரம். ட்ரெயினில் மீஞ்சூரில் எடுத்தால் தண்டையார்பேட்டைக்குள் மண்டையில் ஏற வேண்டும். ஒரு ஜாப், ஒரு நாள்.

ஆனால், ஜோவிடம் நான் ஒத்துக்கொள்ளாத பாடம் ஒன்றும் இருக்கிறது. அரைகுறையாக எரியக் கூடாது, வெள்ளைச் சாம்பல் மட்டும் மிஞ்சுகிற வரை எரிந்து தீர்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. படிக்கும்போது புல்லரிக்கும். ஆனால், எங்கள் பக்கத்துப் பையனிடம் சாம்பலைப் பற்றிப் பெருமை பேசாதீங்க பாஸ்! நிலக்கரி எரிந்த சாம்பலைக் குழம்பாக்கிக் குழாய்களில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. எரிந்து முடிந்த பிறகு சாம்பலை யாரோ ஒருத்தர் அள்ள வேண்டும். ஒரே ராத்திரியில் எரிந்து தீர்வதைவிட, மறுநாள் காலையும் எழுந்து ஏழு மணி வண்டியைப் பிடிப்பது பெரிய விஷயம். பிடித்த புத்தகம் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று சட்டம் இல்லையே!

இவனுக்கும் இரும்புக் கையா?

இப்போது மெயின் பிக்சர். ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. எங்களுக்குப் பக்கத்து அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் மட்டுமே 1,830 மெகாவாட். அதை ஒட்டி வல்லூரில் இன்னொரு 1,500. இவ்வளவு கரண்ட் பிறக்கும் இடத்தில் நாங்கள் கொசுவத்தியும் செல்போன் டார்ச்சுமாக உட்கார்ந்திருந்தோம்!

அப்பா, இந்தப் பக்கத்து மின் நிலையம் ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. விசிறிக்கொள்ள அட்டை தேடிய அவர் கையில் சிக்கியது, என் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' முதல் பாகம். டார்ச்சை அடித்து அட்டையைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இன்னாடா இது... இவனுக்கும் இரும்புக் கையா?"

"'இவனுக்கும்'னா? வேற யாருக்குப்பா?"

"மாயாவிக்குடா!"

அவ்வளவுதான், அப்பாவுக்கு வயசு பத்தாகிவிட்டது. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து கிளம்பியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். இங்கிலாந்தில் 1962-லிருந்து 'வேலியன்ட்' வார இதழில் வந்த 'தி ஸ்டீல் க்ளா' தொடர், தமிழுக்கு வந்து மாயாவி ஆனது. தாத்தா மூர் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவுக்குப் பழைய முத்து காமிக்ஸ் வாங்கி வருவாராம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி கேட்டு, 'இனிமே மாயாவிக்கு எங்க போறது?' என்று அப்பா அழுதாராம். இன்றைக்கு நான் தினமும் போய் இறங்கும் லோக்கல் ஸ்டேஷனின் பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்!

"ஆய்வுக்கூடத்துல கை போயிடும். இரும்புக் கை மாட்டுவாங்க. கரண்ட்ல கை வச்சான்னா ஆளு மாயம். கை மட்டும் அந்தரத்துல தெரியும். நானும் மாயமாவலாம்னு பிளக்குல விரலை வுட்டேன்."

"மறைஞ்சீங்களா?"

"கட்டிலுக்கு அந்தாண்ட போய் வுழுந்தேன்!"

அம்மா இருட்டில் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: "ஆனா அந்தக் கதை நெசம்தான்டா. கரண்ட் எடுக்குற எடத்துல இருக்கோம்ல... எங்க ஆளுங்க யாருக்கும் தெரிய மாட்டாங்க. கை மட்டும்தான் தெரியும்."

நான் டோட்டோ-சானின் தலைமை ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். "சொல்லுங்கப்பா" என்றேன். கரண்ட் வந்த பிறகும் யாரும் லைட்டைப் போடவில்லை.

கொடுத்தால்தான் கிடைக்கும்

'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' ஹிரோமு அரகாவா வரைந்தது. ஆண் பெயர் மாதிரி இருந்தாலும் அவர் பெண். ஹொக்கைடோ தீவின் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். தன்னைப் படம் வரைந்தால் மாடாகத்தான் வரைந்துகொள்வார்! 2001-லிருந்து 2010 வரை மாத இதழில் வந்து, 27 பாகங்களாக முடிந்த கதை. இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவர முயல்கிறார்கள் ரெண்டு பையன்கள். அம்மா வரவில்லை. அண்ணனுக்கு ஒரு காலும், தம்பிக்கு முழு உடம்பும் போகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்துக்குள் பிடித்துவைக்க, அண்ணன் தன் கையையும் கொடுக்கிறான். அதனால்தான் அந்த இரும்புக் கை.

மாயாவிக்கு இரும்புக் கை ஒரு பவர். எட்வர்டுக்கு அது ஒரு பில். ஒன்றைப் பெற வேண்டுமானால், அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்தக் கதையின் விதி. சமமான பரிமாற்றம். என்ஜினீயரிங் மூளைக்கு அது பிடித்துப்போகும். ஆற்றல் அழியாது, மாறும் என்று படித்தவர்கள்தானே நாம்!

ஆனால், அந்த விதியை எங்கள் ஊர் மேல் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் போனது. எடுத்த அளவுக்கு மழை ஈடுகட்டவில்லை. காலியான இடத்துக்குள் கடல் புகுந்தது. பல கிலோமீட்டர் உள்ளே வரை நிலத்தடி நீர் உப்பானது. அப்புறம் 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். நல்ல தண்ணீர் கொடுத்த மண், உப்பு வாங்கிக்கொண்டது. இப்போது உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகி நகரத்துக்குப் போகிறது. இதில் எது எதற்குச் சமம்? மேத்ஸில் அரியர் வைத்த எனக்கே இந்த ஈக்வேஷன் பேலன்ஸ் ஆகவில்லை என்று தெரிகிறதே!

வீட்டுக் கணக்கும் அப்படித்தான். என் செமஸ்டர் ஃபீஸ் எத்தனை டபுள் டூட்டி என்று அன்றைக்கு ராத்திரி முதல்முறையாக அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் கொடுத்ததற்குச் சமமாக என்னிடம் இருந்தது, பதினோரு நாள் ஒளித்துவைத்த ஒரு ரிசல்ட். 'படிப்பை விட்டுட்டு நானும் கான்ட்ராக்ட்ல சேர்ந்துடட்டுமா?' என்று தொண்டை வரை வந்த கேள்வியை அப்படியே முழுங்கிவிட்டேன். அது கடனை அடைப்பது மாதிரி தெரியும். உண்மையில் அவர் கொடுத்ததைக் கொட்டிக் கவிழ்ப்பது.

கதையின் கடைசியில் அந்தச் சகோதரர்கள் இதே விதியோடு சண்டை போடுகிறார்கள். சஸ்பென்ஸை உடைக்காமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். பத்து வாங்கினால் பத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு நிறுத்தாதே, நம் பங்காக ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாக அடுத்தவருக்குக் கொடு என்பதுதான் அவர்கள் கண்டுபிடிக்கும் பதில். தாத்தா, அப்பாவுக்கு மாயாவி வாங்கிக்கொடுத்தார். அப்பா, பிளக்கில் விரல் விட்ட பையனாக இருந்தும், தன் மகனைக் கரண்ட் பற்றிப் படிக்க அனுப்பியிருக்கிறார். அந்த ஒன்றை இனி நான்தான் சேர்க்க வேண்டும்.

இப்ப நிலவரம் என்ன?

ரெண்டு அரியரில் எலெக்ட்ரோமேக்னடிக்ஸ் க்ளியர்! மேத்ஸ் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. போஸ்ட் கார்டு சைஸ் பேப்பர்களும் என் பாக்கெட்டில் தொடர்கின்றன. 'மாங்கா படித்தேன், கோல்டு மெடல் வாங்கினேன்' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால், நான் படித்த எந்தப் புத்தகமும் அப்படி முடியவில்லை.

என் கையில் இருப்பது இங்கிலீஷ் பதிப்பு. அதனால் நைட் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் ஒவ்வொரு கட்டமாக அப்பாவுக்குத் தமிழில் சொல்கிறேன். அவர் விரலை வலது பக்கத்தில் வைத்துக்கொண்டு இடது பக்கமாக நகர்த்துவார். முதல் வாரம் பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் போய்விட்டுத் திட்டினார். இப்போது பக்கா!

நேற்று ராத்திரி எட்டாவது அத்தியாயத்தில் தூக்கம் சொக்கி, புத்தகத்தை மூடப் போனேன்.

"டேய் மாங்கா மடையா... அந்தத் தம்பிக்கு ஒடம்பு திரும்பக் கெடைக்குமா, கெடைக்காதா? சொல்லிட்டுத் தூங்கு!"

க்ளைமாக்ஸ் தெரிஞ்சிபோச்சுன்னா அப்புறம் கதையில இன்னா இருக்கு? சொல்லவில்லையே நான்!

மாங்கா கடிக்க நாலு டிப்ஸ்!

* வலமிருந்து இடமாகப் படியுங்கள். பக்கம் மட்டுமில்லை, கட்டங்களும் வசன பலூன்களும்கூட அதே வரிசைதான்.

* காசு இல்லையா? 'மாங்கா பிளஸ்' ஆப்பில் பல தொடர்களின் ஆரம்ப அத்தியாயங்களும் புது அத்தியாயங்களும் இலவசம். ஜப்பான் பதிப்பகமான ஷுயேஷாவே 2019-ல் தொடங்கியது என்பதால் திருட்டுப் பிரதி என்ற உறுத்தல் வேண்டாம்.

* 1,100 அத்தியாயங்களைத் தாண்டி ஓடும் 'ஒன் பீஸ்' பக்கம் எடுத்தவுடனே போகாதீர்கள். செமஸ்டர் காலி! முடிந்துபோன கதையாகப் பார்த்து ஆரம்பியுங்கள். 'ஃபுல்மெட்டல்' 27 பாகங்கள்தான்.

* வீட்டில் திட்டினால் கோபப்படாதீர்கள். பரணில் ஏறிப் பாருங்கள். அப்பாவின் பழைய முத்து காமிக்ஸோ, லயன் காமிக்ஸோ தூசிக்கு அடியில் இருக்கலாம்!